முதலில் விளக்கு, பிறகு கை

சுடர் உள்பக்கம் சாய்ந்தது.

அவிட்டஸ் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திராட்சை மிதிக்கும் காலத்து நடுப்பகல். குடைவின் வாயில் நின்றுகொண்டு அப்போதுதான் விளக்கை ஏற்றியிருந்தான்; திறந்த இடத்தில் ஏற்றிய விளக்கு கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆனால் வெளியே காற்றே இல்லை. சரிவில் நின்ற ஆலிவ் மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. உள்ளே இருப்பதோ மறுமுனை இல்லாத குடைவு, எழுநூற்று நாற்பது தப்படி ஆழம், அதற்கப்பால் வெறும் பாறை. அப்படிப்பட்ட பொந்து காற்றை இழுக்காது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுடர் நிமிர்ந்தது, சற்று நின்றது, பிறகு அவன் முகத்தை நோக்கிச் சாய்ந்தது. மறுபடி நிமிர்ந்தது. மறுபடி உள்ளே போனது.

“பாத்தீங்களா ஐயா?” என்றான் டாசியஸ். பாறை வெட்டும் ஆட்களின் மேஸ்திரி அவன். டல்மாத்திய மலைகளில் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கம் வெட்டும் கூட்டத்தில் பிறந்தவன். வாயில் நாலைந்து கறுப்பு அவரைக்கொட்டைகளை அதக்கிக்கொண்டிருந்ததால் பேச்சு குழறியது. “மூச்சு விடுது. இன்னிக்கு வேணாம்.”

“சூரியச் சூடு. குளிர்ந்த காத்தும் சூடான காத்தும் மோதுது. அவ்வளவுதான்.”

“இத்தனை நாள் மோதலையே.”

“இத்தனை நாள் நீ பாக்கலை.”

டாசியஸ் ஒரு கொட்டையைத் தோளுக்குப் பின்னால் துப்பினான், திரும்பிப் பார்க்காமல்; செத்தவர்களுக்கான பங்கு அது. “கீழ ஊர்ல குழிக்கல்லைத் தூக்கி வச்சிருக்காங்க. செத்தவங்க மேல வந்து காத்து வாங்குற நாளு. இன்னிக்கு எவனாவது பூமியில உளி வைப்பானா? உங்க ஆளுங்க சட்டம்தானே இது? எங்க சட்டம்கூட இல்லையே.”

“நான் எங்கே உளி வைக்கப் போறேன்? காதைத்தான் வைக்கப் போறேன்.”

“காதை வச்சா கை சும்மா இருக்குமா?”

அவிட்டஸ் சிரித்தான். ஆண்டுக்கு மூன்று நாள் ஊர்க் குழியின் மூடுகல்லைத் தூக்கி வைப்பார்கள். அந்த மூன்று நாளும் கல்யாணம் கிடையாது, சண்டை கிடையாது, மண்வெட்டு கிடையாது. இரண்டு பக்கத்து ஆட்களும் இன்று வேலையை விட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். அதனால்தான் அவன் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தான். மலை இன்று மட்டும்தான் வாயை மூடிக்கொண்டிருக்கும். நூற்றுச் சொச்சம் பேர் சம்மட்டி அடிக்கும் நாளில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யார் கண்டது? புத்திசாலிகளுக்கு மட்டுமே வரும் கெட்ட யோசனைகள் சில உண்டு. இது அந்த வகை.

அவனுடைய தலைவலி இதுதான். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர மலையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்தார்கள். கிழக்கு முனையில், படையின் அளவைக்காரனான அவிட்டஸ் மட்டம் பார்த்தான். மேற்கு முனையில், அதே படையில் இருந்த அவன் தம்பி கிறிஸ்பஸ். மலைமேல் கழி நட்டு, கயிறு பிடித்து அளந்தபோது மொத்த நீளம் ஆயிரத்து நானூறு தப்படி. இன்று கிழக்கில் எழுநூற்று நாற்பது, மேற்கில் எழுநூற்றுப் பதினைந்து. கூட்டிப் பாருங்கள். மலை தீர்ந்துபோன பிறகும் குடைவு தீரவில்லை. இரண்டும் ஒன்றையொன்று எங்கோ உரசாமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. இருவரில் ஒருவன் நூல் தவறிவிட்டான்.

நாளை மறுநாள் தலைநகர் சலோனாவிலிருந்து ஆளுநரின் ஆள் வருகிறான். எவன் கோணலாக வெட்டினானோ அவனுக்குத் தன் ஆட்கள் முன்னாலேயே தடியடி. பிறகு படையின் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். அது தம்பியாக இருக்க வேண்டும் என்று அவிட்டஸ் விரும்பினான். மனதார விரும்பினான். எண்ணெயும் தண்ணீருமாக வளர்ந்த இருவர் அவர்கள்; அதற்குக் காரணம் கிறிஸ்பஸின் வலது கைச் சுண்டுவிரலில் மேல்கணு இல்லாததுதான். அப்பாவின் கல்பட்டறையில் பதினான்கு வயது அண்ணன் சம்மட்டி அடிக்க, ஒன்பது வயதுத் தம்பி உளி பிடித்தான். அடி தவறியது. “நீதான் கையை அசைச்சே” என்றான் அண்ணன். இருபத்தைந்து ஆண்டுகளாக அதையே சொல்லிக்கொண்டிருந்தான். உண்மை வேறு. சம்மட்டி இறங்கும்போது அவன் கூரைமேல் உட்கார்ந்த ஒரு பறவையைப் பார்த்துவிட்டான். இது அவனுக்கும் அந்தப் பறவைக்கும் மட்டுமே தெரியும்.

முந்தாநாள் கழுதைக்காரனிடம் மெழுகுப் பலகையில் எழுதி அனுப்பினான்: ‘குழி திறக்கும் நாள், நண்பகல். நீ தனியாக உன் முனைக்குப் போய்ப் பாறையில் ஒன்பது தட்டு தட்டு. நான் என் முனையில் கேட்டுத் திசை பார்க்கிறேன். பயமாக இருந்தால் சொல்லிவிடு. உன் கை அசையும் வழக்கம் எனக்குத் தெரியும்.’ பதில் அன்று மாலையே வந்தது. ‘தட்டுகிறேன்.’

“நீங்க போங்க. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்” என்றான் டாசியஸ். “ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. ரெண்டு குடைவும் சேர்ற எடத்துல ஓட்டை விழுந்தா மொதல்ல வெளக்கு, அப்புறம்தான் கை.”

ஓட்டை விழுந்ததும் இரண்டு பக்கத்துத் தலைவர்களும் அதன் வழியே வலது கையைக் கோத்துக்கொள்வது வழக்கம். கை கோத்த பிறகுதான் ஓட்டையைப் பெரிதாக்குவார்கள், மதுச்சாடியைத் திறப்பார்கள். அதற்கு முன்னால் விளக்கை நீட்டிப் பார்க்க வேண்டும். கெட்ட காற்று இருந்தால் அணைந்துவிடும்.

“உங்கப்பன் சொன்னதா?” என்றான் அவிட்டஸ் கேலியாக.

“இல்லைங்க. எங்கப்பனைத் தூக்கிட்டு வந்தவங்க சொன்னது.”

அவிட்டஸ் உள்ளே நடந்தான். வெளிச்சம் முதுகில் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு வந்து, காசளவாகி, ஊசிமுனையாகி, ஒரு வளைவில் உதிர்ந்தது. ஈரச் சுண்ணாம்பின் வாசம், எரிந்து கறுத்த ஆட்டுக்கொழுப்பின் வாசம், நேற்றைய ஆட்களின் வியர்வை, மூலையில் யாரோ சிந்திய புளித்த மது எல்லாம் குளிரில் உறைந்து ஒரே வாசமாக நின்றன. ஐம்பது தப்படிக்கு ஒருமுறை சுவரில் அவன் கையால் இட்ட செங்காவிக் குறி விளக்கொளியில் எழுந்து வந்து பின்னால் போனது. கூரையிலிருந்து சொட்டும் நீர், அவன் செருப்பின் ஆணிகள், கையிலிருந்த வெண்கலச் சட்டி இடுப்புக் கத்தியில் உரசும் கிணுகிணுப்பு. இவ்வளவுதான் சத்தம். சம்மட்டிகள் இல்லாத குடைவில் அவன் ஒருநாளும் நடந்ததில்லை. ஆட்கள் இருக்கும்போது இது வேலை செய்யும் இடம். ஆட்கள் இல்லாதபோது இது என்ன இடம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பதினாலாவது குறியைத் தாண்டி, நாற்பது தப்படி போய், முனைக்கு வந்தான். வெட்டி முடிக்காத பாறை. அடியில் ஆட்கள் போட்டுவிட்டுப் போன உளிகளும் ஒரு சம்மட்டியும் கிடந்தன. ஐந்து எட்டு பின்னால் இருந்த மாடக்குழியில் விளக்கை வைத்தான். சட்டியின் வாயைப் பாறையில் கவிழ்த்து, அடிப்பாகத்தில் காதை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடினான்.

முதலில் அவனுடைய ரத்தம்தான் கேட்டது. பிறகு நீர். பிறகு ஒன்றுமில்லை. நேராகக் கேட்டான், வலப்பக்கம் கேட்டான், மண்டியிட்டுத் தரையில் கேட்டான். தம்பி வரவில்லை, பயந்துவிட்டான் என்று எண்ணி ஒரு கசந்த சந்தோஷத்தோடு எழுந்திருக்கப் போனபோது, இடப்பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில், சட்டியே இல்லாமல் வெறும் காதுக்குக் கேட்டது.

டக். டக். டக். டக். டக். டக். டக். டக்.

ஒரு தயக்கம்.

டக்.

அந்தத் தயக்கம் தம்பியுடையது. விரல் நசுங்கிய நாளிலிருந்து எதை அடித்தாலும் கடைசி அடிக்கு முன்னால் அவன் கை ஒரு நொடி நின்றுதான் இறங்கும். உலகத்தில் வேறு யாரும் அப்படித் தட்டமாட்டார்கள்.

சட்டியை வைத்துக் கேட்டான். இரண்டு முழத்துக்கு மேல் இருக்காது. இடப்பக்கம், அதுவும் கீழே. அப்படியானால் தவறியவன் கிறிஸ்பஸ். திசையும் தவறி, மட்டத்தையும் விட்டிருக்கிறான். இப்படி ஒரு கால்வாயில் தண்ணீர் மேலே ஏறித்தான் ஊருக்குப் போக வேண்டும். அவிட்டஸ் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு குடைவுக்குள் ஓடிப் போய்த் திரும்பி வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தலையைச் சாய்த்து அதைக் கேட்பதுபோல் ஒரு மௌனம்.

இதை இப்படியே விட்டுப் போனால் தம்பி இன்றிரவே ஆட்களை வைத்து அந்த முனையைக் கல்லால் அடைத்து, வேறு கதை சொல்லிவிடுவான். இப்போதே ஓட்டை விழ வேண்டும். இந்த இடத்தில் கை கோத்தோம் என்றால் இந்த இடமே சாட்சி. அவிட்டஸ் உளியை எடுத்தான். காதை மட்டும்தான் வைப்பேன் என்று டாசியஸிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. சம்மட்டியையும் எடுத்தான்.

ஒரு விளக்கு எண்ணெய் தீரும்வரை வெட்டினான். மறுபடி எண்ணெய் ஊற்றினான். பாறை எதிர்பார்த்ததைவிட மிருதுவாக இருந்தது. ஈரக் கட்டி கட்டியாக, ரொட்டியின் உள்பக்கம்போல் பிய்ந்து வந்தது. நல்ல பாறை இப்படி வராது. இருபது ஆண்டு அனுபவம் அவன் காதில் அதைச் சொன்னது, அவன் கேட்கவில்லை. அந்தப் பக்கமிருந்தும் அடி விழுந்துகொண்டிருந்தது. அவன் அடிக்கும்போதெல்லாம் அதுவும் அடித்தது. எதிரொலியோ என்று வேகத்தை மாற்றினான். அதுவும் மாறியது, பிந்தாமல், அதே நொடியில். இரண்டு வேகமான அடி, ஒரு மெதுவான அடி. அதுவும் இரண்டு, ஒன்று.

சம்மட்டியை ஓங்கினான். பாதியில் நிறுத்தினான்.

டக்.

அவன் அடிக்காத அடி அந்தப் பக்கம் விழுந்தது.

பயந்தான். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை; முதுகுத்தண்டில் தண்ணீர் ஊற்றினாற்போல் பயந்தான். திரும்பி விளக்கைப் பார்த்தான். சுடர் அவன் பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, விலகியது. தன் மூச்சுதான் என்று நினைத்து மூச்சை அடக்கினான். சுடர் நிற்கவில்லை. உள்ளே. வெளியே. உள்ளே. நிதானமாக, தூங்குகிறவனின் மார்புபோல்.

பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை. திரும்பிப் போனால் வாசலில் டாசியஸ் இருப்பான். கேட்கமாட்டான், கொட்டையைத் துப்பிவிட்டுச் சிரிப்பான். நாளை மறுநாள் தடி யார் முதுகில் விழும் என்பது இந்த அரை முழப் பாறையில் இருக்கிறது. அவிட்டஸ் உளியை நிறுத்தி அடித்தான்.

உளி போய்விட்டது.

உடைத்துக்கொண்டு போகவில்லை. யாரோ வாங்கிக்கொண்டதுபோல் அவன் விரல்களிலிருந்து நழுவி உள்ளே போனது. கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஒரு கை நுழையும் அளவு ஓட்டை. அதிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. சுண்ணாம்பு வாசம் இல்லை, விளக்குப் புகை வாசம் இல்லை. ஆள் படுத்து எழுந்த படுக்கையின் வாசம். கம்பளி, தலைமுடி எண்ணெய், குழந்தை வியர்வை. சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே ஆட்டுமயிர்க் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த குளிர்கால வாசம்.

“அண்ணா.”

அவிட்டஸ் ஓட்டையருகே குனிந்தான். தம்பி அவனை அப்படிக் கூப்பிட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. ‘பெரியவரே’ என்பான், உதட்டைக் கோணிக்கொண்டு.

“கிறிஸ்பஸ்? நீதானா?”

“அண்ணா. கை குடு.”

“வெளக்கு எங்கே? இருட்டுலயா நிக்கிறே?”

“அணைஞ்சுபோச்சு. கை குடு, அண்ணா.”

விளக்கு ஐந்து எட்டு பின்னால் இருந்தது. முதலில் விளக்கு, பிறகு கை. அவனுக்கு மறக்கவில்லை. ஆனால் தம்பி இருட்டில் நிற்கிறான், அண்ணா என்கிறான். போய் விளக்கை எடுத்து வரும் அந்தப் பத்து எட்டில் இந்தக் குரல் மறுபடி பெரியவரே என்று மாறிவிடும் என்று தோன்றியது. மண்டியிட்டான். வலது கையை முழங்கைவரை உள்ளே விட்டான்.

கை கிடைத்தது. சூடான கை. இந்தக் குளிரில் எப்படி இவ்வளவு சூடு என்று ஒரு கணம். பிறகு விரல்கள் கோத்தபோது சுண்டுவிரலின் மொட்டையான நுனி அவன் புறங்கையில் உரசியது. சந்தேகம் தீர்ந்தது. சந்தேகத்தோடு வேறு ஏதோவும் உள்ளே உடைந்தது. தம்பியைத் தடியடிக்கு அனுப்பத்தானே வந்தேன், என்ன ஜென்மம் நான் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

“தம்பி” என்றான். குரல் நடுங்கியது. “அன்னிக்கு நான் பறவையைப் பாத்துட்டேன்டா. நீ கையை அசைக்கலை. தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்கோ.”

அந்தப் பக்கத்துக் கை அவன் கையைத் தடவியது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். ஒவ்வொன்றாக, நகத்திலிருந்து கணுவரை. எண்ணுவதுபோல். பழகிக்கொள்வதுபோல்.

பின்னால் செருப்பின் ஆணிகள் கேட்டன.

“யார்கூடப் பேச்சு, பெரியவரே?”

அவிட்டஸ் திரும்பினான். கழுத்து மட்டும் திரும்பியது. குடைவின் வளைவில் ஒரு விளக்கு. விளக்குக்கு மேலே சுருட்டை முடி, கோணிய உதடு, வழியெல்லாம் கழுதையில் வந்த தூசி. கிறிஸ்பஸ்.

“கோழைன்னு எழுதி அனுப்பினியே, அதை நேர்ல சொல்லச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றான். “ஆமா, நான் தட்டலை. உச்சி நேரத்துல என் முனைக்குப் போனேன். என் ஆளுங்க எல்லாம் வெளியே படுத்துக் கெடக்குறாங்க. உள்ளேருந்து தட்டுற சத்தம் வருது. ஒன்பது. நீதான்னு மொதல்ல நெனைச்சேன். ஆனா அந்தக் கடைசித் தட்டு…” நிறுத்தினான். “என்னை மாதிரியே தட்டுச்சு. அங்கேயே திரும்பிட்டேன். மலையைச் சுத்தி மூணு மணி நேரம். கிணறு வெட்டப் பூதம் கெளம்புன கதையா இருக்கு, வா வெளியே போலாம்னு சொல்ல வந்தேன்.”

அவிட்டஸ் ஓட்டைக்குள் போயிருந்த தன் கையைப் பார்த்தான்.

“ஏன் மண்டி போட்டிருக்கே? கையை எங்கே விட்டிருக்கே?”

“கிட்ட வராதே.”

“என்னது?”

“வராதேடா. போ. டாசியஸைக் கூப்பிடு.”

கையை இழுத்தான். வரவில்லை. அந்தக் கை இறுக்கவில்லை, பறிக்கவில்லை. வெறுமனே விடவில்லை. மறுபடி இழுத்தான். தோள்மூட்டு கத்தியது. அவன் முகத்தில் என்னத்தைப் பார்த்தானோ, கிறிஸ்பஸ் ஓடி வந்து பக்கத்தில் மண்டியிட்டான். விளக்கை ஓட்டையின் வாயில் பிடித்தான்.

முதலில் விளக்கு. இப்போது.

அந்தப் பக்கம் குடைவு இல்லை. ஓட்டை ஒரு முழ ஆழம்தான். அதன் முடிவில் பாறை. உளியே படாத, வெள்ளை வெளேரென்ற, ஈரமான பாறை. அதிலிருந்து ஒரு கை வந்திருந்தது. மணிக்கட்டைச் சுற்றி இடுக்கு இல்லை, வெடிப்பு இல்லை. மரத்திலிருந்து கிளை வருவதுபோல் பாறையிலிருந்து கை. கல்லின் நிறம். சுண்டுவிரலில் மேல்கணு இல்லை.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சுண்டுவிரல் மெல்ல வளர்ந்து முழுசானது. கட்டைவிரலில் ஒரு தழும்பு எழுந்தது. அவிட்டஸின் கட்டைவிரலில் இருக்கும் அதே தழும்பு.

“ஐயோ” என்றான் கிறிஸ்பஸ், குழந்தைபோல்.

அவிட்டஸ் இடது உள்ளங்கையைச் சுவரில் ஊன்றி, முழு பலத்தோடு பின்னால் சாய்ந்தான். சுவர் சூடாக இருந்தது. மெத்தென்றிருந்தது. புதுச் சுண்ணாம்புக் குழம்பில் வைத்ததுபோல் உள்ளங்கை அமிழ்ந்தது. மணிக்கட்டு. பிறகு அது இறுகியது.

ஓட்டையிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. கிறிஸ்பஸின் சுடர் படுத்தது. அணைந்தது. பின்னால் மாடக்குழியில் இருந்ததும் அணைந்தது.

இருட்டு.

“அண்ணா? அண்ணா, எங்கே இருக்கே?”

பயத்தில் தம்பிக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. பதில் சொல்ல அவிட்டஸ் வாயைத் திறந்தான். இரண்டு கைகளும் இழுபட்டன. கன்னம் பாறையில் மோதியது. திறந்த வாய் ஈரக் கல்லில் அழுந்தியது. சுண்ணாம்பு நாக்கின்மேல் வழிந்து, பல்லிடுக்கில் புகுந்து, கெட்டிப்பட்டது. மூக்கால் மட்டும் மூச்சு. சத்தமில்லை.

“தம்பி.”

அது அவிட்டஸின் குரல். அவனுக்குப் பக்கத்திலிருந்து, பாறையிலிருந்து, அவன் குரலேதான். அதே நடுக்கம்.

“தம்பி, அன்னிக்கு நான் பறவையைப் பாத்துட்டேன்டா. நீ கையை அசைக்கலை. தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்கோ.”

கிறிஸ்பஸ் அசையவில்லை. இருட்டில் அவன் மூச்சு நின்று, திரும்பி, உடைந்தது. அழுகிறான் என்று அவிட்டஸுக்குப் புரிந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அழுகிறான்.

“இதைச் சொல்ல இவ்வளவு காலமா உனக்கு?”

“கை குடு, தம்பி.”

இல்லை. இல்லை. அவிட்டஸ் காலை உதைத்தான். குதிகாலைப் பாறையில் அடித்தான். ஓடு என்று அடித்தான். போ என்று அடித்தான். அது தட்டுவதுபோல்தான் கேட்டது. டக். டக். டக். பாறையின் எல்லாப் பக்கத்திலிருந்தும், மேலிருந்தும், கீழிருந்தும் அதற்குப் பதில் வந்தது. அவன் கால் பாதியில் தயங்கி நின்றது. அவன் நிறுத்தவில்லை. ஏதோ பிடித்திருந்தது.

“பயப்படாதே. இங்கேதான் இருக்கேன். கை குடு.”

துணி உரசும் சத்தம். தரையில் முழங்கால் நகரும் சத்தம். தம்பியின் கை அவன் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில், காற்றைத் துழாவிக்கொண்டு, அந்தக் குரலை நோக்கிப் போனது. பிறகு உள்ளங்கையோடு உள்ளங்கை சேரும் சின்னச் சத்தம்.

“கெடைச்சுட்டே” என்றான் கிறிஸ்பஸ். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் இருந்தது அவன் குரல். “அண்ணா, உன் கை ஏன் இவ்வளவு சூடா இருக்கு?”

அவிட்டஸின் இரண்டு கைகளும் பாறைக்குள் இருந்தன.